கிட்டார், விண்தூசு, பேட்ஜர்: பிரையன் மேயின் பணிகளை எப்படி எடைபோடுவது?

2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்து சென்றபோது, அத்திட்டத்தின் அறிவியலாளர்கள் நடுவே குயீன் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் இருந்தார். 2023 புத்தாண்டில், இசைக்கும் அறப்பணிக்குமாக அவருக்கு ‘சர்’ பட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்றில், இங்கிலாந்தில் மாடுகளிடையே பரவும் காசநோய்க்குப் பேட்ஜர் என்னும் காட்டுவிலங்கின் மீது பழி சுமத்துவது தவறு என்று அவர் வாதிட்டார். இச்செய்திகளைத் தனித்தனியே படிக்கும் வாசகருக்குக் குழப்பம் வருவது இயல்பே. எழும் கேள்விகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. அவருடைய முனைவர் பட்டம் புகழுக்காகக் கிடைத்த கௌரவமா, ஆய்வு செய்து பெற்றதா?
2. விண்கலத் திட்டங்களில் அவர் செய்யும் வேலை என்ன?
3. மாட்டுக் காசநோய் பற்றி அவர் கூறுவது சரியா? அதைக் கூற அவருடைய பட்டம் எவ்வளவு துணை செய்யும்?

முதல் இரண்டுக்கும் ஐயமற்ற விடை உண்டு. மூன்றாவது கேள்வியோ, பிரிட்டிஷ் அறிவியலாளர்களே இன்றுவரை முழுதாக உடன்படாத ஒரு விவாதத்துக்குள் நம்மை இட்டுச் செல்கிறது. அதற்குள் நுழையுமுன், அவர் எந்த வகையான அறிவியலில் பயின்றவர் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கால வரிசை

பிரையன் மே 1947 ஜூலை 19 அன்று லண்டனின் மேற்குப் புறநகரான ஹாம்ப்டன் பகுதியில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1968-இல் பட்டம் பெற்றார். 1970-இல் அதே கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். குயீன் குழு உருவானதும் அதே ஆண்டில்தான். குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1973-இல் வெளிவந்தது. 1974-இல் ஆய்வேடு ஏறக்குறைய எழுதி முடிக்கப்பட்ட நிலையில், இசைப் பயணங்களின் நெருக்கடியால் அதை ஒதுக்கி வைத்தார். 2006-இல் மீண்டும் பதிவு செய்துகொண்டு 2007-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். 2008 மே மாதம் நடந்த பட்டமளிப்பு விழாவில் பட்டம் பெற்றார். இடைவெளி முப்பது ஆண்டுகளுக்கும் மேல்.

அந்தக் குழுவில் அறிவியல் படித்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் மின்னணுவியலில் பட்டம் பெற்றவர். டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர் உயிரியல் படித்தவர். குழுவின் ஒலிப்பதிவுகளில் தெரியும் தொழில்நுட்பத் துணிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

கிட்டாருக்குள் இருக்கும் அலை இயற்பியல்

மே இன்றுவரை வாசிக்கும் ‘ரெட் ஸ்பெஷல்’ கிட்டாரை அவரும் அவருடைய தந்தையும் 1963 தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வீட்டிலேயே செய்தார்கள். தந்தை ஹரால்டு மே தொழில்முறை வரைவாளர். கிட்டாரின் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்திலிருந்து அறுத்தெடுத்த மரம். தந்திகளின் இழுவிசையைச் சமன்செய்யும் சுருள்வில்கள் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வுகளிலிருந்து வந்தவை. கழுத்தில் உள்ள புள்ளிக் குறிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பணமின்மையால் கிடைத்ததைக் கொண்டு செய்த கருவி என்று மட்டும் இதைச் சொல்வது போதாது. தந்தியை வளைத்து நாதத்தைத் தாழ்த்தியபின் அது பழைய சுருதிக்கே பிசகாமல் திரும்ப வேண்டுமென்றால் உராய்வைக் குறைக்க வேண்டும் என்று கணித்து, தந்திகளைத் தாங்கும் பகுதியைத் தராசின் நடுமுள் போலக் கத்திமுனை ஒன்றின் மீது அவர்கள் அமர்த்தினார்கள்.

இக்கட்டுரைக்கு முக்கியமான பகுதி அதன் மின்னிணைப்பு. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் உணரிகள், அதாவது பிக்கப்புகள், இதில் மூன்று உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொத்தான்கள்: ஒன்று அதை இயக்கவும் நிறுத்தவும், மற்றது அதன் மின்னலையைத் தலைகீழாக்கவும். ஒரே தந்தியின் அதிர்வை இரு இடங்களில் எடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால், இரு அலைகளின் முகடும் அகடும் சந்திக்கும் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; மற்றவை தப்பி ஒலிக்கும். இயற்பியலில் இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். பொத்தான்களின் அமைப்பை மாற்றும்போது எந்த அதிர்வெண்கள் தப்பும் என்பது மாறுகிறது. கிட்டாரின் குரலும் மாறுகிறது. குறுக்கீட்டு விளைவு என்ற இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் விண்தூசை அளக்க அவர் பயன்படுத்திய கருவியும் இதே விளைவில்தான் இயங்குகிறது.

1977-இல் பதிவான ‘வீ வில் ராக் யூ’ பாடலின் காலடியோசை மற்றோர் எடுத்துக்காட்டு. வடக்கு லண்டனில் முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில், சிலர் மட்டுமே மரப்பலகைகளை மிதித்து எழுப்பிய ஓசையைப் பெருங்கூட்டத்தின் ஓசையாக மாற்ற வேண்டியிருந்தது. காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். ஆகவே கூட்டத்தில் 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் மிதியோசை 30 மில்லி விநாடி தாமதமாகவும், 30 மீட்டர் தள்ளி நிற்பவருடையது 90 மில்லி விநாடி தாமதமாகவும் வந்து சேரும். பதிவை இப்படித் தாமதப்படுத்திப் பலமுறை கூட்டலாம். ஆனால் தாமதங்கள் சீரான மடங்குகளாக இருந்தால் காது அதை எதிரொலி என்று உடனே அடையாளம் கண்டுவிடும். எனவே தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் அமைத்ததாக மே விளக்கியிருக்கிறார். பகா எண்களுக்குப் பொது வகுஎண் கிடையாது. அதனால் தாமதங்களுக்கிடையே ஒழுங்கான கால இடைவெளி உருவாவதில்லை. காதுக்கு எதிரொலி கேட்பதில்லை, அகன்ற ஒரு கூட்டம் கேட்கிறது.

ராசிமண்டல ஒளியும் தூசு மேகமும்

இனி முனைவர் பட்ட ஆய்வு. நிலவில்லாத இருண்ட இரவில், அந்தி மறைந்தபின் மேற்கிலோ விடியலுக்கு முன் கிழக்கிலோ, அடிவானத்திலிருந்து சாய்ந்து எழும் மங்கலான கூம்பு வடிவ வெளிச்சம் ஒன்றைக் காணலாம். சூரியனும் கோள்களும் செல்லும் பாதையான ராசிமண்டலத்தை ஒட்டி அது நீள்வதால் ராசிமண்டல ஒளி எனப்படுகிறது. கோள்களுக்கிடையே மிதக்கும் நுண்தூசுகள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது இது. வால்நட்சத்திரங்கள் உதிர்ப்பதும், சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதித் தூளாவதும் இந்தத் தூசின் முதன்மை ஊற்றுகள்.

இத்தூசு நிலையானதன்று என்பதுதான் இதன் சுவையான சிக்கல். தூசுத்துகள் சூரிய ஒளியை உறிஞ்சி மீண்டும் வெளியிடும்போது தன் சுற்றியக்கத்தில் சிறிதளவை இழக்கிறது. இந்த இழப்பு அதைச் சுருள்பாதையில் சூரியனை நோக்கி இழுக்கிறது. துகளின் பருமனையும் தொலைவையும் பொறுத்து, சில ஆயிரம் ஆண்டுகளிலிருந்து சில லட்சம் ஆண்டுகளுக்குள் அது சூரியனை நெருங்கி அழிந்துவிடும். சூரியக் குடும்பத்தின் வயதோ 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆகவே இன்று நாம் காணும் தூசு அண்மையில் உண்டானது. ஏதோ ஒன்று அதைத் தொடர்ந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிய ஒரு வழி, அது எப்படி நகர்கிறது என்று அளப்பது. கோள்கள் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறதா, எதிர்த்திசையிலா, ஒழுங்கின்றியா? 1970-களின் தொடக்கத்தில் மேயின் கேள்வி இதுதான்.

அளக்கும் முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் கருங்கோடுகள் தெரியும். சூரியனின் வெளியடுக்கில் உள்ள தனிமங்கள் குறிப்பிட்ட அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்வதால் உண்டாகும் கோடுகள் அவை. பச்சைப் பகுதியில் 518.36 நானோமீட்டரில் உள்ள மக்னீசியக் கோடு அவற்றுள் ஒன்று.

2. தூசு, கண்ணாடியைப் போல, சூரிய ஒளியையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே ராசிமண்டல ஒளியிலும் அதே கோடு இருக்க வேண்டும்.

3. தூசு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் நகரும். இது டாப்ளர் விளைவு. நகர்வின் அளவிலிருந்து நமது பார்வைக்கோட்டின் திசையில் உள்ள வேகம் கிடைக்கும். இதையே ஆர வேகம் என்பர்.

4. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. ஒளியின் வேகத்தில் இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எனவே இந்த அளவுள்ள ஒரு வேகம் கோட்டை நகர்த்துவதும் அதன் அலைநீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், அதாவது 0.05 நானோமீட்டர். மிக மங்கலான ஒளியில் இந்த நகர்வைப் பிடிக்க வேண்டும்.

5. வானத்தின் பல திசைகளில் இதை அளந்து, சூரியனிலிருந்து உள்ள கோணத்துக்கு ஏற்ப நகர்வு எப்படி மாறுகிறது என்று வரைந்தால், தூசு கோள்களோடு சேர்ந்து சுற்றுகிறதா எதிர்த்துச் சுற்றுகிறதா என்பது தெரியவரும். எதிர்த்திசையில் சுற்றினால் பூமியின் வேகமும் தூசின் வேகமும் கூடிப் பெரிய நகர்வுகள் தோன்ற வேண்டும்.

இத்தகைய நுண்ணிய நகர்வை அளக்க அவர் பயன்படுத்தியது ஃபாப்ரி-பெரோ குறுக்கீட்டுமானி. பகுதியளவு ஒளியைப் பிரதிபலிக்கும் இரு சமதளத் தகடுகளுக்கு இடையே ஒளி பலமுறை முன்னும் பின்னும் சென்று, தன்னோடு தானே கூடும். இடைவெளியில் சரியாகப் பொருந்தும் அலைநீளங்கள் வலுப்பெற்று வெளியேறும். பொருந்தாதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒளிப்பாதையின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால் அலைநீளங்களை ஒவ்வொன்றாகத் துழாவிச் செல்லலாம். ரெட் ஸ்பெஷலின் பொத்தான்கள் ஒலிக்குச் செய்வதை இத்தகடுகள் ஒளிக்குச் செய்கின்றன. இசையும் அறிவியலும் கலந்த மனிதர் என்று பொதுவாகச் சொல்லப்படுவதைவிட இந்த ஒற்றுமை துல்லியமானது. இருபது வயதுகளில் அவர் இரு வேறு மேசைகளில் ஒரே விதியோடு வேலை செய்துகொண்டிருந்தார்.

1971-லும் 1972-லும் ஸ்பெயினுக்கு உரிய கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபில், தெய்தே மலைப்பகுதியில் அவருடைய ஆய்வுப் பார்வைகள் நடந்தன. அதன் விளைவாக அவர் பெயரும் சேர்ந்த ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன: இரவு வானத்தின் நிறமாலையில் மக்னீசிய ஒளி பற்றி 1972-இல் ‘நேச்சர்’ இதழிலும், ராசிமண்டலத் தூசின் இயக்கம் பற்றி 1974-இல் பிரிட்டனின் அரச வானியல் கழக இதழிலும். தூசு பெரும்பாலும் கோள்களின் திசையிலேயே சுற்றுகிறது என்பது அளவீடுகள் காட்டிய முதன்மையான முடிவு.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வேடு செல்லுமா?

இந்த ஐயம் நியாயமானது. இயற்பியலில் முப்பது ஆண்டுப் பழைய தரவு பெரும்பாலும் குப்பைக்கூடைக்குப் போய்விடும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம் உண்டு. 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் அகச்சிவப்புச் செயற்கைக்கோளும் அதற்குப் பின் வந்தவையும் தூசு எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சிறப்பாகப் படமெடுத்தன. ஆனால் தூசின் வேகத்தை நிறமாலைக் கோட்டைக் கொண்டு அளக்கும் வேலையில் இறங்கியவர்கள் மிகச் சிலரே. வேறு சூரியக் குடும்பங்களில் கோள்களைத் தேடத் தொடங்கியபின் இத்துறைக்கு மீண்டும் மதிப்பு வந்தது. அந்த விண்மீன்களைச் சூழ்ந்த தூசின் ஒளி, கோளின் ஒளியை மறைத்துவிடக்கூடும் என்பதால் நம் சூரியக் குடும்பத்தின் தூசைப் புரிந்துகொள்வது தேவையாயிற்று.

2006-இல் இம்பீரியல் கல்லூரியின் வானியல் பேராசிரியர் மைக்கேல் ரோவன்-ராபின்சன் வழிகாட்டியாக இருக்க இசைந்தார். பழைய தரவை மறுபகுப்பாய்வு செய்வதும், இடைப்பட்ட காலத்தில் வெளியான ஆய்வுகள் அனைத்தையும் படித்து ஆய்வேட்டில் சேர்ப்பதும் மேயின் பொறுப்பு. ராசிமண்டலத் தூசு மேகத்தில் ஆர வேகங்களைப் பற்றிய அந்த ஆய்வேடு 2007 ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வைக் கடந்தது. பல்கலைக்கழகங்கள் புகழ்பெற்றவர்களுக்கு அளிக்கும் கௌரவப் பட்டங்களும் அவரிடம் உண்டு. அதனாலேயே குழப்பம் எழுகிறது. இம்பீரியல் பட்டம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. முதல் கேள்விக்கு விடை இதுவே.

இரு கண்களின் கணக்கு: விண்கலத் திட்டங்களில் அவர் வேலை

விண்கலத் திட்டங்களில் அவர் பங்கு தூசு ஆய்வின் தொடர்ச்சி அன்று. சிறுவயது முதல் அவர் ஈடுபட்டுவந்த முப்பரிமாணப் படக்கலையின் பயன். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி இருப்பதால் ஒரே பொருளை அவை சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டே மூளை ஆழத்தைக் கணிக்கிறது. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்றின் மேடுபள்ளங்களை உணர 6.5 செ.மீ. போதாது. ஆனால் நகரும் விண்கலம் ஒன்று ஓரிடத்தில் ஒரு படமும், சற்றுத் தள்ளி இன்னொரு படமும் எடுத்தால், அவ்விரு இடங்களையும் ஒரு பூதத்தின் இரு கண்களாகக் கொள்ளலாம். தக்க இரண்டு படங்களைத் தேர்ந்து, சுழற்சியையும் அளவையும் நேர்ப்படுத்தி, இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாகக் காட்டினால் தட்டையான படம் நிலப்பரப்பாக எழுந்து நிற்கும்.

இது பார்வைக்கு அழகு சேர்க்கும் வேலை மட்டும்தான் என்றால் இங்கே எழுதவேண்டிய தேவை இல்லை. நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2018 டிசம்பரில் பென்னு என்ற சிறுகோளை அடைந்தது. அதன் குறுக்களவு ஏறத்தாழ அரை கிலோமீட்டர். மணற்பரப்பு நிறைந்த இடங்கள் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது; கண்டதோ எங்கும் பாறைக்குவியல். விண்கலம் இறங்கி மண்ணெடுக்கத்தக்க, சாய்வு குறைந்த, பெரும்பாறை இல்லாத ஓர் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. மேயும் அவருடன் பணியாற்றும் கிளாடியா மன்சோனியும் விண்கலப் படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாணக் காட்சிகள் அந்தத் தேடலுக்கு உதவின. நான்கு இடங்கள் இறுதிப் பட்டியலுக்கு வந்து, ‘நைட்டிங்கேல்’ என்று பெயரிடப்பட்ட இடம் தேர்வானது. 2020 அக்டோபர் 20 அன்று அங்கே மாதிரி எடுக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 24 அன்று அது பூமிக்கு வந்து சேர்ந்தது. கிடைத்த மண்ணின் எடை 121.6 கிராம். திட்டத்தின் தலைமை அறிவியலாளர் டான்டே லொரெட்டாவும் மேயும் சேர்ந்து பென்னுவின் முப்பரிமாணப் படநூல் ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டார்கள்.

சிறுகோள்கள் பற்றிய அக்கறை இங்கே செயற்பாடாகவும் மாறியது. 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்காப் பகுதியில் விண்பொருள் ஒன்று வளிமண்டலத்தில் வெடித்துப் பரந்த காட்டைச் சாய்த்தது. அந்த நாளைச் சிறுகோள் நாளாகக் கடைப்பிடிக்கும் முயற்சியைத் தொடங்கியவர்களுள் மேயும் ஒருவர். 2016-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதை ஏற்றது.

பேட்ஜர் விவாதம்: அடிப்படைச் சொற்கள்

2010-இல் மே ‘சேவ் மீ’ என்ற விலங்கு நல அமைப்பைத் தொடங்கினார். நாய்களைக் கொண்டு காட்டுவிலங்குகளை வேட்டையாடுவதைத் தடுக்கும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தப்படலாம் என்ற அச்சமே அதற்கு உடனடிக் காரணம். பின்னர் அமைப்பின் முதன்மைப் போராட்டம் பேட்ஜர்களைக் கொல்வதற்கு எதிராக அமைந்தது. இவ்விவாதத்தைப் புரிந்துகொள்ளச் சில அடிப்படைகள் தேவை.

1. மாட்டுக் காசநோய் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்ற நுண்ணுயிரியால் உண்டாவது. பேட்ஜர், மான் உள்ளிட்ட பல விலங்குகளுக்கும் அது தொற்றும். பேட்ஜர் என்பது முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட, கூட்டமாக வளைகளில் வாழும் இரவு விலங்கு. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

2. மாடுகளுக்குத் தோல் பரிசோதனை கட்டாயம். நுண்ணுயிரியிலிருந்து எடுத்த புரதத்தைத் தோலுக்குள் செலுத்தி, மூன்று நாட்களுக்குப் பின் வீக்கத்தை அளப்பார்கள். நோய் உறுதியான மாடுகள் கொல்லப்படும். இவ்வாறு ஆண்டுக்கு 20,000-க்கும் மேற்பட்ட மாடுகளை இங்கிலாந்து இழந்துவந்தது. இதில் கால்நடை வளர்ப்போரின் துயரம் மிகப் பெரியது; விவாதத்தின் எந்தப் பக்கத்தில் நிற்பவரும் அதை மறந்துவிடக் கூடாது.

3. இப்பரிசோதனை நோயில்லாத மாட்டை நோயுள்ளது என்று தவறாகச் சொல்வது மிக அரிது. ஐயாயிரத்தில் ஒன்று என்ற அளவே. ஆனால் நோயுள்ள மாட்டை நோயில்லாதது என்று விட்டுவிடுவது அடிக்கடி நிகழ்கிறது; வழக்கமான மதிப்பீட்டில் ஐந்தில் ஒன்று, சில மதிப்பீடுகளில் அதற்கும் மேல். ஒரு மந்தை தேறிவிட்டது என்று சான்றளிக்கப்பட்ட பின்னும் நோய் உள்ளேயே மறைந்திருக்க இடமுண்டு.

பெரும் சோதனையும் அதன் முடிவும்

பேட்ஜர்களைக் கொன்றால் மாட்டுநோய் குறையுமா என்று அறிய, 1998 முதல் பிரிட்டிஷ் அரசு ஒரு பெரும் சோதனையை நடத்தியது. தலா 100 சதுர கி.மீ. அளவுள்ள 30 பகுதிகள் மூன்று மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு மூன்றிலும் ஒரு பகுதியில் பேட்ஜர்கள் ஆண்டுதோறும் பரவலாகக் கொல்லப்பட்டன, ஒன்றில் மாடுகளுக்கு நோய் கண்ட இடங்களைச் சுற்றி மட்டும் கொல்லப்பட்டன, ஒன்றில் கொல்லப்படவில்லை. எதில் எது என்பது சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 பேட்ஜர்கள் கொல்லப்பட்டன.

விளைவு யாரும் எளிதில் ஊகித்திருக்க முடியாதது. நோய் கண்ட இடங்களைச் சுற்றி மட்டும் கொன்ற பகுதிகளில் மாட்டுநோய் கூடியதால் அந்தப் பிரிவு 2003-இல் நிறுத்தப்பட்டது. பரவலாகக் கொன்ற பகுதிகளுக்குள் நோய் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது; ஆனால் அவற்றின் எல்லைக்கு வெளியே 2 கி.மீ. வரையிலான வளையத்தில் கால் பங்குக்கு மேல் கூடியது. பேட்ஜர்கள் எல்லை வகுத்து வாழ்பவை; கூட்டம் சிதைந்தால் எஞ்சியவை அலைந்து திரிந்து நோயை எடுத்துச் செல்கின்றன என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். சோதனையை நடத்திய சுதந்திர அறிவியல் குழு, மாட்டுநோயைக் கட்டுப்படுத்த பேட்ஜர்களைக் கொல்வது பொருட்படுத்தத்தக்க வகையில் உதவாது என்று 2007-இல் அறிக்கை அளித்தது.

ஆயினும் 2013-இல் க்ளௌஸ்டர்ஷயரிலும் சாமர்செட்டிலும் முன்னோட்டமாகக் கொலை தொடங்கி, பின் பல பகுதிகளுக்கு விரிந்தது. பரப்பைப் பெரிதாக்கி, ஆறு, கடற்கரை போன்ற இயற்கை எல்லைகளைப் பயன்படுத்தினால் ஓரத் தீமையைக் குறைக்கலாம் என்பது அரசின் வாதம். 2013 முதல் 2023 வரை 2,30,000-க்கும் மேற்பட்ட பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. கொலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 2012-லேயே, மே முன்னின்று நடத்திய எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேலானோர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

மேயின் வாதமும் அதன் வலுவும் குறையும்

அவருடைய வாதம் வெறும் விலங்குப் பரிவு அன்று. அது ஒரு கருதுகோள். தோல் பரிசோதனையில் தப்பிய மாடுகள் மந்தைக்குள்ளேயே நோயைப் பரப்புகின்றன. சாணமும் சாணக்கரைசலும் அதன் முக்கிய வழி. பேட்ஜர் நோயைத் தருவதைவிடப் பெறுவதே அதிகம். டெவன் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் நடந்த முயற்சியே 2024-ஆம் ஆண்டு ஆவணப்படத்தின் மையம். அங்கே சாணத்தில் நுண்ணுயிரியைத் தேடுவது உள்ளிட்ட கூடுதல் சோதனைகள் செய்து, மறைந்திருந்த நோயுற்ற மாடுகளைக் கண்டு நீக்கி, சாணமும் தண்ணீரும் கலக்காதபடி தூய்மையைக் கண்டிப்பாக்கினார்கள்.

இதில் தோல் பரிசோதனை பற்றிய பகுதி உறுதியானது. அதன் குறைபாட்டை அரசின் ஆலோசகர்களும் ஏற்கிறார்கள். 2018-இல் சார்ல்ஸ் காட்ஃப்ரே தலைமையில் வெளியான மதிப்பாய்வும் பேட்ஜர் மீது காட்டும் கவனம் மாட்டுக்கு மாடு பரவுவதை மறைத்துவிடுகிறது என்று எச்சரித்தது. ஆனால் பேட்ஜருக்குப் பங்கே இல்லை என்ற எல்லைவரை செல்வதற்குச் சான்று போதாது. நுண்ணுயிரியின் மரபணு வரிசையை ஒப்பிட்ட ஆய்வுகள் இரு திசைகளிலும் தொற்று நிகழ்வதைக் காட்டுகின்றன. 2013-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, மந்தைகளில் நேரடியாகப் பேட்ஜரிலிருந்து வரும் தொற்று ஏறத்தாழ 6 விழுக்காடு. அப்படி வந்தது மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவதையும் சேர்த்தால் அது பாதியளவை எட்டும். ஒரு தரப்பு முதல் எண்ணை மட்டும், மறு தரப்பு இரண்டாம் எண்ணை மட்டும் எடுத்துச் சொல்கிறது. இரண்டும் ஒரே கணக்கின் விடைகள். நிச்சயமின்மையும் மிகப் பெரிது.

கொலை நடந்த பகுதிகளின் புள்ளிவிவரமும் எளிதில் படியாது. 2019-இல் வெளியான ஆய்வொன்று நான்கு ஆண்டுகளில் நோய் க்ளௌஸ்டர்ஷயரில் 66 விழுக்காடும் சாமர்செட்டில் 37 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. 52 பகுதிகளை எடுத்துக்கொண்ட 2024-ஆம் ஆண்டு ஆய்வு, நான்காம் ஆண்டுக்குள் 56 விழுக்காடு குறைவு என்றது. ஆனால் அதே காலத்தில் அதே பகுதிகளில் மாடுகளுக்கான கூடுதல் இரத்தப் பரிசோதனைகளும் பண்ணைக் கட்டுப்பாடுகளும் நடைமுறைக்கு வந்தன. குறைவில் எவ்வளவு எதனால் என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1998-இல் தொடங்கிய சோதனையின் தரவையே வேறு புள்ளியியல் முறையில் மீண்டும் கணக்கிட்ட ஆய்வாளர்கள், பேட்ஜர் கொலைக்குப் பயன் இருந்ததாகவே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

மேயின் முயற்சி நடந்த டெவன் பண்ணைக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும். ஒரே பண்ணையில் பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், நோய் குறைந்ததற்கு எது காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒப்பிட வேறு பண்ணைகளும் இல்லை. தூசின் வேகத்தை அளந்தபோது ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு அவர் முடிவு கட்டவில்லை. அதே கண்டிப்பை இங்கும் எதிர்பார்ப்பது அவரைக் குறைத்து மதிப்பதாகாது. விண்தூசில் பெற்ற முனைவர் பட்டம் கால்நடை நோயியலில் அவரை வல்லுநர் ஆக்கிவிடாது. அதே வேளை, இசைக்கலைஞர் என்பதற்காக அவர் வாதத்தைத் தள்ளிவிடுவதும் முறையன்று, ஏனெனில் அவர் முன்வைத்திருப்பது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று. சாணத்தின் வழியே நோய் பரவுகிறதா, கூடுதல் சோதனை மட்டுமே மந்தையைக் காக்குமா என்பவற்றைப் பல பண்ணைகளில் ஒப்பீட்டோடு ஆராய முடியும். என் பார்வையில், அவருடைய செயற்பாட்டின் உண்மையான பயன் இக்கேள்வியைப் பொதுவெளியில் மறக்கவிடாமல் வைத்திருப்பதே.

அடுத்து நடக்கவிருப்பது

2024 ஆகஸ்டில் புதிய அரசு, தன் பதவிக்காலம் முடிவதற்குள் பேட்ஜர் கொலையை நிறுத்துவதாக அறிவித்தது. பேட்ஜர்களின் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பது, அவற்றுக்குத் தடுப்பூசி போடுவது ஆகியவை அத்திட்டத்தில் உள்ளன. மாடுகளுக்கான தடுப்பூசியில் ஒரு தொழில்நுட்பத் தடை இருந்துவந்தது: மனிதர்களுக்குப் போடப்படும் பிசிஜி ஊசியை மாட்டுக்குப் போட்டால், நோயில்லாத மாடும் தோல் பரிசோதனையில் நோயுள்ளது போலக் காட்டும். ஊசி போட்ட மாட்டையும் நோயுற்ற மாட்டையும் பிரித்தறியும் புதிய பரிசோதனை ஒன்று 2021 முதல் பண்ணைகளில் சோதிக்கப்பட்டுவருகிறது. கொலை நின்று, மாட்டுப் பரிசோதனை மட்டும் கூர்மையாகும் ஆண்டுகளில் நோயின் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கணக்கு, இதுவரை பிரிக்க முடியாமல் கலந்திருந்த இரு காரணங்களையும் முதன்முறையாகப் பெரிய பரப்பில் பிரித்துக் காட்டக்கூடும். மேயின் கருதுகோளும் அப்போது அதே கணக்கில் சோதிக்கப்படும்.